இடிபாட்டின் பதிப்பாசிரியர்கள்

ரோமாபுரிக்குப் போய்வந்தவர்கள் எழுதுவதில் வாசகனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் வாக்கியத்தைப் படித்ததும் கடைசி வாக்கியம் தெரிந்துவிடும். உடைந்த தூண், மாலை வெயில், தூணடியில் புல், சாம்ராஜ்யங்களின் அநித்தியம், ஒரு பெருமூச்சு. ஃபிரெஞ்சுக் கவி டு பெல்லே 1558இல் தன் ரோம் ஸானெட்டுகளை வெளியிட்டபோது இந்தப் பெருமூச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நூற்றாண்டின் ரோமில் பழைய சலவைக்கல் சுண்ணாம்புக் காளவாயில் வெந்துகொண்டிருந்தது. பிறகு வந்த நானூற்றுச் சொச்சம் வருஷங்களில் பெருமூச்சு பழக்கமாகி, பழக்கம் ஓர் இலக்கிய வகையாகி, இன்று நுழைவுச் சீட்டோடு சேர்த்துத் தரப்படும் ஒரு சரக்காகிவிட்டது.

இந்தப் பெருமூச்சுக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. இடிபாடு என்பது காலம் செய்த வேலை என்ற நம்பிக்கை. ரோமிலும், பிறகு தெற்கு ஃபிரான்ஸில் நீம் நகரத்திலும் சில நாட்கள் சுற்றியதில் எனக்குக் கிடைத்தது இதற்கு எதிரான எண்ணம். பயணி பார்க்கும் கோயில் இடிபாடு ஒரு பதிப்பு. அதற்குப் பதிப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயரும் தேதியும் உண்டு. அவர்கள் எதை வெட்டினார்கள் என்று கேட்காமல் மிச்சத்தின் முன் உருகி நிற்பது விமர்சனப் பிரக்ஞை இல்லாத ரசனை. கோயிலை விட்டுக் கவிதைக்கு வந்தாலும் இதே கதைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வகை எழுத்தின் மூலபுருஷர்களில் ஒருவரான கிப்பனையே எடுத்துக்கொள்ளலாம். 1764 அக்டோபர் 15ஆம் தேதி கேப்பிட்டால் குன்றின் இடிபாடுகளுக்கிடையில் உட்கார்ந்திருந்தபோது, ஜூபிடர் கோயிலில் வெறுங்கால் துறவிகள் மாலைப் பிரார்த்தனை பாடிக்கொண்டிருந்ததாகவும், ரோமின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் அப்போதுதான் மனசில் எழுந்ததாகவும் அவர் சுயசரிதையில் சொல்கிறார். அவர் கேட்ட பாட்டு வந்தது அராசேலி சர்ச்சிலிருந்து. அது ஜூபிடர் கோயில் இருந்த இடம் அல்ல. ஜூனோ கோயில் இருந்ததாகச் சொல்லப்படும் பக்கம் அது. ஜூபிடர் கோயிலின் அடித்தளம் குன்றின் மற்றொரு முனையில் இருந்தது. அதன் மேல் ஒரு மாளிகை உட்கார்ந்திருந்தது. இன்று அந்த அடித்தளத்தின் ஒரு பகுதியை மியூசியத்துக்குள்ளேயே பார்க்கலாம். இதைச் சொல்வது கிப்பனைச் சிறுமைப்படுத்த அல்ல; இருநூறு வருஷங்களுக்கு மேலாகியும் அந்தப் புத்தகம் தன் காலில் நிற்கிறது. ஆனால் அவரை உசுப்பியது இடிபாடு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இடிந்ததன் மேல் வேறு யாரோ குடியேறி, வேறு தெய்வத்தைப் பாடிக்கொண்டிருந்ததுதான் அவரை உசுப்பியது. இன்றைய பயணிக்கு இந்தக் கலப்பு கிடைப்பதில்லை. துடைத்து வைக்கப்பட்டது மட்டுமே கிடைக்கிறது.

ரோமின் ஃபோரத்தை, அதாவது பழைய நகரத்தின் நடு மைதானத்தை, மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பள்ளம். பள்ளம் முழுக்கத் தூண்கள். கேஸ்டர் கோயிலுக்கு மூன்று, வெஸ்பேசியன் கோயிலுக்கு மூன்று, ஸேடர்ன் கோயிலுக்கு எட்டு. இந்தப் பள்ளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிருஷ்டி. அதற்கு முன் சில நூற்றாண்டுகள் இந்த இடத்துக்குப் பெயர் ‘கேம்போ வச்சீனோ’. மாட்டு மைதானம் என்று அர்த்தம். மாட்டுச் சந்தை கூடியது, நடுவில் மர வரிசை இருந்தது, தூண்கள் கழுத்தளவு மண்ணில் புதைந்திருந்தன. பிரானேசியின் செப்புத்தகட்டுச் சித்திரங்களில் அந்த மாடுகளைப் பார்க்கலாம். (பிரானேசியின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நேரில் கண்ட குளியல் மண்டபங்கள் போதவில்லை என்று கதே எழுதியிருக்கிறார். இடிபாட்டை விட அதன் படம் பெரிதாகிவிடும் வியாதி இன்று நேற்று வந்ததல்ல.) 1803இல் கார்லோ ஃபேயா தோண்ட ஆரம்பித்தார். 1871க்குப் பிறகு புதிய இத்தாலிய அரசு முழு மூச்சாகத் தோண்டியது. 1898இல் ஜாக்கமோ போனி வந்தார். மண்ணை அடுக்கடுக்காகப் படிக்கத் தெரிந்த மனிதர் அவர். அவரே 1900இல் ஸான்டா மரியா லிபரெட்ரீச்சே என்ற 1617ஆம் வருஷத்துச் சர்ச்சை இடித்தார், அடியில் புதைந்திருந்த பழைய சர்ச்சை எடுப்பதற்காக. 1930களில் ரோமானிய செனட் மண்டபத்தை மீட்பதற்காக, அதற்குள் ஏழாம் நூற்றாண்டிலிருந்து குடியிருந்த ஸான்ட் அட்ரியானோ சர்ச் கலைக்கப்பட்டது.

இவர்களை மூடர்கள் என்று நான் சொல்லவில்லை. தோண்டாமல் இருந்திருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? ஆனால் நம் ஏட்டுச் சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு நாணயம் உண்டு. பழைய பாடத்தை மேலே கொடுத்தாலும் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவார்கள். கல்லைப் பதிப்பித்தவர்களுக்கு அடிக்குறிப்புப் பழக்கமில்லை. வெட்டிய ஆயிரம் வருஷமும் குப்பை வண்டியில் போய்விட்டது. பயணி வந்து மிச்சத்தைப் பார்த்து, காலம் எவ்வளவு கொடியது என்கிறான்.

ஸேடர்ன் கோயிலின் எட்டுத் தூண்களுக்கு மேல் உத்தரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தீயில் அழிந்ததை ரோமின் செனட்டும் மக்களும் மீட்டுக் கட்டினார்கள் என்று அது சொல்கிறது. இன்று நாம் ‘பழைய ரோம்’ என்று புகைப்படம் எடுப்பது கி.பி. நான்காம் நூற்றாண்டுப் புனருத்தாரணம். அப்போதே தூண்கள் இரவல். முன்வரிசை சாம்பல் நிறக் கருங்கல், பக்கத்தில் இருப்பவை சிவப்புச் சாயல். கிறிஸ்தவம் ஆட்சிக்கு வந்துவிட்ட ஒரு நூற்றாண்டில், பழைய கட்டடங்களின் உறுப்புகளைக் கொண்டுவந்து ஒரு பழைய தெய்வத்தின் கோயிலை நிமிர்த்தியவர்களின் மனநிலை, என் மட்டில், எந்த அநித்தியப் பிரசங்கத்தையும் விடச் சுவாரஸ்யமானது. அவர்களும் பதிப்பாசிரியர்கள்தான். ஆனால் தாங்கள் செய்ததைக் கோயில் நெற்றியிலேயே எழுதி வைத்தார்கள்.

ஃபோரத்தில் நான் அதிக நேரம் நின்றது அன்டோனைனஸ் - ஃபாஸ்டினா கோயில் முன். மற்றவர்கள் இதை ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது போதுமான அளவுக்கு இடிந்திருக்கவில்லை. சக்கரவர்த்தி அன்டோனைனஸின் மனைவி ஃபாஸ்டினா இறந்த பிறகு 141இல் செனட் அவளுக்கு எடுத்த கோயில். 161இல் அவனும் இறந்து தெய்வமானபோது கோயில் இருவருக்குமாயிற்று. உத்தரத்தில் அவள் பெயர் முதலிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேலே, சிற்பப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில், அவன் பெயரும் ‘மற்றும்’ என்ற சொல்லும் பிறகு சேர்ந்தன. கீழ்வரியை முதலில் எழுதி மேல்வரியை இருபது வருஷம் கழித்து எழுதிய வாக்கியம் அது. இலக்கணம் சரியாகவே வருகிறது. ஒரு மரணத்துக்காக அந்த வாக்கியம் இருபது வருஷம் காத்திருந்தது என்பதைக் கல் மறைக்கவில்லை.

பத்துத் தூண்கள் நிற்கின்றன. கிரேக்கத் தீவிலிருந்து வந்த பச்சை வரியோடிய கல், ஒவ்வொன்றும் 17 மீட்டர். அவற்றின் மேற்பகுதியில் சாய்வாக வெட்டுத் தடங்கள். கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த தடம் என்று ஒரு கட்சி. பிற்காலக் கூரை ஒன்றைப் பொருத்த வெட்டியது என்று இன்னொரு கட்சி. தூண்களுக்குப் பின்னால், கர்ப்பகிருகம் இருந்த இடத்தில், ஸான் லொரன்ஸோ சர்ச். 1429இல் ஐந்தாம் மார்ட்டின் என்ற போப் இதை மருந்து வியாபாரிகளின் சங்கத்துக்குக் கொடுத்தார். 1536இல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் ரோமுக்கு வருகிறான் என்று தூண்களை ‘விடுவிப்பதற்காக’ச் சர்ச்சின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 1602இல் மறுபடி எழுந்தது, இப்போது நாம் பார்க்கும் முகப்போடு. இடிபாட்டு ரசனை முன்பே ஆரம்பித்துவிட்டதற்கு அந்த 1536 ஒரு சாட்சி. விருந்தாளி வருகிறார், வீட்டில் ஒரு இடிபாடு தெரியவேண்டும்!

விஷயம் அந்தச் சர்ச்சின் கதவில் இருக்கிறது. பச்சைப் பித்தளைக் கதவு அந்தரத்தில் தொங்குகிறது. அதற்குப் படியும் இல்லை, தரையும் இல்லை. சர்ச் கட்டியபோது தரை அந்த உயரத்தில் இருந்தது. மண்ணைத் தோண்டி எடுத்தவர்கள் தரையைக் கொண்டுபோய்விட்டார்கள், கதவை விட்டுவிட்டார்கள். மருந்து வியாபாரிகள் கால் வைத்து நுழைந்த இடத்தில் இப்போது வெறும் காற்று. பதிப்பாசிரியன் அடிக்க மறந்த ஒரே அடிக்குறிப்பு இது. ரோமில் எனக்குக் காலம் என்ற ஒன்று ஸ்தூலமாகத் தென்பட்டது இங்கேதான். துடைத்த தூண்களிடம் காலம் இல்லை; அவற்றுக்கு இரண்டு தேதிகள்தான் உண்டு, கட்டிய தேதியும் தோண்டிய தேதியும். நடுவில் நடந்தது எல்லாம் இந்தத் தொங்கும் கதவில் இருக்கிறது.

போர்ச்சுகலில் எவோரா என்ற ஊரில் இன்னொரு கோயில் உண்டு. நான் போனதில்லை, படங்களில் பார்த்ததுதான். பதினான்கு கொரிந்தியத் தூண்கள், சலவைக்கல் போதிகைகள், பின்னால் நீல வானம். ஊர்க்காரர்கள் டயானா கோயில் என்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஆதாரமில்லை. பல நூற்றாண்டுகள் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பி அதைக் கசாப்புக்கூடமாக வைத்திருந்தார்கள், 1836 வரை. 1870களின் தொடக்கத்தில் சினாட்டி என்ற இத்தாலியர் சுவர்களை இடித்துத் தூண்களை வெளியே கொண்டுவந்தார். தூண்கள் விழாமல் நின்றதற்குக் கசாப்புக்காரர்களின் சுவருக்கும் பங்குண்டு. இப்போது அங்கே வானம் தெரிகிறது, கவித்துவமாக.

ரோமிலிருந்து நீமுக்குப் போனபோது இந்த எண்ணங்களோடுதான் போனேன். அங்கே இருக்கும் ‘மேஸோன் காரே’, சதுர வீடு என்று பெயர், இடிபாடே அல்ல. முகமண்டபம், தூண்கள், கூரை, எல்லாம் முழுசாக நிற்கிறது. காரணம் எளிது. ஆட்கள் அதை விட்டு வைக்காமல் உபயோகித்துக்கொண்டே இருந்தார்கள். நகரசபை, குதிரை லாயம், அகஸ்டினியத் துறவிகளின் சர்ச், அரசாங்க ஆவணக் கிடங்கு, மியூசியம். (அமெரிக்காவின் ஜெஃபர்ஸன் 1780களில் வர்ஜீனியாவின் சட்டமன்றக் கட்டடத்துக்கு இதை மாதிரியாக வரைந்தபோது இதை நேரில் பார்த்திருக்கவில்லை. அப்புறம் 1787இல் வந்து பார்த்து மயங்கினார். மூலத்தைப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்கள் எங்கும் இருக்கிறார்கள்.) ஆனால் இந்த முழுக் கோயிலின் முகப்பில் அழிந்த ஒன்று இருக்கிறது: அதன் பெயர். வெண்கல எழுத்துகளை எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எழுத்துகளைப் பொருத்திய ஆணிகளின் துளைகள் மட்டும் மிச்சம்.

1758இல் ஸேகியே என்ற உள்ளூர் அறிஞர் சாரம் கட்டி ஏறி, அந்தத் துளைகளைப் பிரதியெடுத்து, எந்த எழுத்துக்கு எங்கெங்கே ஆணி தேவைப்படும் என்று யோசித்து வாசகத்தை மீட்டார். அகஸ்டஸ் சுவீகாரம் எடுத்துக்கொண்ட மகள்வயிற்றுப் பேரர்கள் கேயஸ், லூஷியஸ் இருவருக்கும் அர்ப்பணிக்கப்பட்ட கோயில் என்று முடிவாயிற்று. இருவரும் பட்டம் ஏறாமலே இளம் வயதில் இறந்தவர்கள். ஒரே துளைக் கூட்டத்தை வேறு எழுத்துகளாகவும் படிக்க இடமுண்டு. 2001இல் ஒரு ஆய்வாளர் அப்படி வாதாடிக் கோயிலின் காலத்தையே பின்னால் தள்ளப் பார்த்தார். பெரும்பாலோர் இன்னும் ஸேகியேயின் பக்கம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அம்மைத் தழும்பு போல் புள்ளிகள். என்னால் ஒரு எழுத்தைக் கூட எழுப்ப முடியவில்லை. ஆனால் விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிற காரியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஸேகியே பெருமூச்சு விடவில்லை. துளைகளை எண்ணினார். தன் கற்பனையை ஒவ்வொரு துளைக்கும் பதில் சொல்ல வைத்தார். ஒரு துளை மிஞ்சினாலும் வாசகம் தப்பு.

ஆணித் துளைகூட மிஞ்சாத ரோமானியக் கோயில் ஒன்று நம் பக்கமும் உண்டு. ரோமானிய உலகத்தின் பாதைகளைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்றின் இடைக்காலப் பிரதி வியன்னாவில் இருக்கிறது. பாய்ட்டிங்கர் படம் என்பார்கள். அதன் கிழக்குக் கோடியில் முசிறி. முசிறிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டடம் வரைந்து ‘அகஸ்டஸ் கோயில்’ என்று எழுதியிருக்கிறது. மிளகு வாங்க வந்து தங்கிய ரோமானியப் பிரஜைகள் கட்டிக்கொண்டதாக இருக்கலாம். ஏதோ உள்ளூர்க் கோயிலைப் படம் போட்டவன் அப்படி அழைத்திருக்கலாம். கேரளத்தில் பட்டணம் என்ற இடத்தில் 2007 முதல் நடந்த அகழ்வில் மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகளின் உடைசல்கள் ஏராளமாக வந்தன, கோயில் வரவில்லை. நான் பார்த்த கோயில்களிலெல்லாம் என்னை அதிகம் தொந்தரவு செய்வது பார்க்க முடியாத இந்தக் கோயில்தான். இதைப் புகைப்படம் எடுக்க முடியாது. இதன் முன் நின்று உருக முடியாது. வாசிக்க மட்டும் முடியும்.

இப்போது கவிதை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியப் பிரபுக்களுக்கு ரோமில் போய்ப் பார்க்கும் இடிபாடு போதவில்லை. தோட்டத்திலேயே ஒன்று வேண்டியிருந்தது. வியன்னாவின் ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் 1778இல் புத்தம்புது இடிபாடு ஒன்று கட்டினார்கள். முதலில் ‘கார்த்தேஜ் இடிபாடு’ என்று பெயர் வைத்து, பிறகு ‘ரோமானிய இடிபாடு’ ஆக்கினார்கள். பெயரை மாற்றினால் போதும், கல்லை மாற்ற வேண்டியதில்லை. இங்கிலாந்து ராஜாவுக்கு இன்னும் ஒரு படி மேலே நிஜக் கல்லே கிடைத்தது. லிபியாவின் லெப்டிஸ் மேக்னாவிலிருந்து 1816இல் பெயர்த்த தூண்களைக் கப்பலேற்றி வந்து, 1820களில் விண்ட்ஸர் பக்கத்தில் ஏரிக்கரையில் ‘அகஸ்டஸ் கோயில்’ என்று அலங்காரமாகச் சரித்து வைத்தார்கள். நிஜக் கல், பொய் இடிபாடு. எதையும் தாங்கியிராத இடத்தில் எதையோ தாங்கி உடைந்தது போல் நிற்கிறது.

நம் சிறுபத்திரிகைகளில் வரும் துண்டுக் கவிதைகளில் பாதியைப் படிக்கும்போது எனக்கு அந்த ஏரிக்கரை ஞாபகம் வருகிறது. மூன்று புள்ளி, அரை வரி, ஒரு படிமம், மறுபடி மூன்று புள்ளி. நவீனத்துவத்தின் பெயரால் இது நியாயப்படுத்தப்படுகிறது: உலகம் சிதறிவிட்டது, ஆகவே கவிதையும். பவுண்ட் 1916இல் ஸாஃபோவின் கிழிந்த தோல் ஏட்டுத் துண்டிலிருந்து ஒரு மிகச் சிறிய கவிதை செய்தார். அங்கே கிழிசல் ஏட்டினுடையது. அதை வாசகனுக்குக் காட்டுவதுதான் அவர் வேலை. எலியட்டின் ‘பாழ்நிலம்’ (1922) சிதறலின் வேதமாகிவிட்டது. அதன் கையெழுத்துப் பிரதி 1971இல் அச்சானபோது அந்தச் சிதறல் எப்படி வந்தது என்று தெரிந்தது. நீளமான, தொடர்ச்சியான பகுதிகள் பல இருந்தன. பவுண்டின் பென்சில் அவற்றை அடித்தது. இந்த இடிபாட்டுக்கும் ஒரு சினாட்டி உண்டு. ஆனால் அடிக்கப்பட்டதன் பாரம் மிஞ்சிய வரிகளில் அழுந்தியிருக்கிறது. அந்தக் கவிதையின் சக்தி எனக்கு அதில்தான் தெரிகிறது. சுவரை எடுத்த பிறகும் அந்தத் தூண்கள் சுமை தெரிந்தவை. நம்மவர்கள் சுவரே எழுப்பாமல், நேராகத் தூண்துண்டை மட்டும் வார்த்துப் புல்தரையில் சாய்த்து வைக்கிறார்கள். எங்கே உடைந்தது என்று கேட்டால் ‘வாசகன் நிரப்பிக்கொள்ள வேண்டிய இடம்’ என்கிறார்கள். ஸேகியே நிரப்பினார், சரி. அவருக்குத் துளைகள் இருந்தன.

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன் என்று தெரிகிறது. ரசனை தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை, அதுதான் காரணம். ஸிரியாவில் பால்மைராவின் பெல் கோயில், ரோமானிய ஆட்சியில் கி.பி. 32இல் அர்ப்பணிக்கப்பட்டது. பிறகு சர்ச்சாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மசூதியாயிற்று. கோயிலின் பெரிய மதிலுக்குள் ஒரு கிராமமே குடிவந்தது. ஃபிரெஞ்சுக்காரர்கள் நாட்டை நிர்வகித்தபோது, 1929க்கும் 1932க்கும் இடையில், தொல்பொருள் இலாகா அந்த ஜனங்களை வெளியே புதிதாகப் போட்ட ஊருக்கு அனுப்பிவிட்டு, மண் வீடுகளை இடித்து, கோயிலைச் சுத்தம் செய்தது. பயணிகள் வந்தார்கள். 2015 ஆகஸ்டில், இஸ்லாமிய தேசம் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள், பால்மைராவின் தொல்பொருள்களுக்கு ஆயுள் முழுக்கக் காவலாக இருந்த காலித் அல் அஸதைக் கொன்றார்கள். சில நாட்களில் அந்தக் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வாசல் நிலை மட்டும் நின்றது. அடுத்த வருஷம் ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், அதே ஊரில் தகர்க்கப்பட்ட வளைவு ஒன்றின் நகலை, புகைப்படங்களைக் கொண்டு இயந்திரத்தால் எகிப்தியச் சலவைக்கல்லில் செதுக்கி, அசலை விடச் சிறிதாக நிறுத்தினார்கள். ஏரிக்கரைக் கோயிலுக்கு ஒரு தங்கை.

கிராமம் அங்கேயே இருந்திருந்தால் வெடி வைத்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை; அப்படிப்பட்டவர்களுக்குக் கிராமங்கள் தடையாக இருந்ததில்லை. ஆனால் 1932இல் அனுப்பப்பட்டவர்களைப் பற்றி யாரும் பெருமூச்சு விட்டதாகத் தெரியவில்லை. கிராமத்தைக் காலி செய்வதற்கு முன் விமானத்திலிருந்து எடுத்த பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. மதிலுக்குள் முற்றம் முழுக்க வீடுகள், தட்டைக் கூரைகள், நெருக்கமான சந்துகள். நடுவில் கர்ப்பகிருகம் அவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்கிறது, குடித்தெரு நடுவே நிற்கும் எந்தக் கோயிலையும் போல.